குளிர்காலம் முழுவதும் ஓட்டாத காரைக் கராஜில் எப்படி நிறுத்தி வைப்பது? வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் போதாதா?

போதாது என்பதே என் பதில். ரொறன்ரோவில் நம்மவர் பலர் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் போதும் என்றுதான் சொல்வார்கள். ஸ்காபரோவில் என் இரண்டாவது காரை முதன்முதலாக நிறுத்தி வைத்த ஆண்டில் நானும் அப்படியே செய்தேன். பெற்றோல் எரியும்போது நீராவி உண்டாகிறது; எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிட்டால், அது புகைக்குழாயிலும் ஒயிலிலும் நீராகவே தங்கிவிடும். ஸ்டார்ட் செய்வதற்குச் செலவான மின்னும் எஞ்சினை ஓடவிடும் பத்து நிமிடத்தில் பற்றரிக்குத் திரும்பி வருவதில்லை.

அந்த ஜனவரியில் மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, கார் ஒரு முனகல்கூட முனகவில்லை. பொனற்றைத் திறந்தால், பற்றரியின் பக்கச்சுவர் புடைத்திருந்தது. மூலையில் இருந்த வெடிப்பின் வழியே பனிக்கட்டி துருத்திக்கொண்டு நின்றது. முழுதாக மின்னேற்றிய பற்றரி கனடாவின் கடும் குளிரையும் தாங்கும். மின் இறங்க இறங்க அதிலுள்ள அமிலம் நீர்த்துக்கொண்டே போவதால், வெறுமையான பற்றரி மறை 10 பாகைக்கு (-10°C) முன்னரே உறைந்துவிடக்கூடும். ஆகவே பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், அல்லது நிரம்பியதும் தானே மின்னேற்றத்தைக் குறைத்துக்கொள்ளும் சார்ஜரில் மாட்டிவிடுங்கள். மற்ற எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

ஒயிலை வசந்தத்தில் அல்ல, நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள். பழைய ஒயிலில் சேர்ந்துள்ள அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில் எஞ்சினுக்குள் கிடக்கக் கூடாது. பெற்றோலில் ஈரத்தை இழுக்கும் எதனோல் கலந்திருப்பதால், தாங்கியை நிரப்பி, பெற்றோல் கெடாமல் காக்கும் திரவத்தை அளவாக ஊற்றி, அது எஞ்சின்வரை சென்று சேரும்படி சிறிது தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கூலன்ரும் தண்ணீரும் சரிபாதியாக இருந்தால் மறை 37 பாகை வரை கவலையில்லை. வீதியில் உப்புத் தூவத் தொடங்குவதற்கு முன்பே அடிப்பாகத்தைக் கழுவிக் காயவிடுங்கள். ஹாண்ட்பிரேக் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் இறுகிப் பிடித்துவிடும். அதை விடுத்துச் சில்லுகளுக்குக் கட்டை கொடுங்கள். குளிரில் ரயரின் காற்றழுத்தம் தானாகவே குறையும் என்பதால் அதையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எலிகளை லேசாக எண்ணிவிடாதீர்கள். அதே ஆண்டு வசந்தத்தில் ஹீற்றரைப் போட்டபோது எழுந்த நாற்றம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. காற்று வடிகட்டியை இழுத்துப் பார்த்தால், காருக்குள் நான் விட்டிருந்த ரிஷூப் பெட்டி முழுவதும் தும்பு தும்பாகக் கிழிக்கப்பட்டு அங்கே கூடாகியிருந்தது. உணவுத் துணுக்கு, ரிஷூ எதையும் உள்ளே விடாதீர்கள். காற்று உள்ளிழுக்கும் வாயையும் புகைக்குழாயையும் இரும்புப் பஞ்சால் அடைத்துவிடுங்கள்.

காப்புறுதியை முழுதாக நிறுத்திவிடாமல், தீ, திருட்டு ஆகியவற்றுக்கான பகுதியையாவது வைத்திருப்பது நல்லது. முகவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அடைத்த இடங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டி வையுங்கள். ஏப்ரலில் சாவியைப் போடுவதற்கு முன் கண்ணில் படவேண்டியது அந்தத் தாள்தான்.