தபால்தலைக் கப்பல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தபால்தலைகளை ஒட்டிக் கப்பல் ஓவியம் செய்வது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் இறங்கினேன். அப்பா சேர்த்துவைத்த இரண்டு டப்பாக்களிலிருந்து கப்பல் படம் போட்டவற்றை மட்டும் பொறுக்கி, ஒரு மாதம் உட்கார்ந்து ஒரு பாய்மரக் கப்பல் ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் “இது என்ன?” என்றுதான் கேட்கிறார்கள். தள்ளி நின்றால் எனக்கே கந்தல் துணி மாதிரி இருக்கிறது. எங்கே பிசகினேன்? இன்னொன்று, கத்தரியை எடுக்கும்போதெல்லாம் அப்பாவின் சேகரிப்பைப் பாழாக்குகிறேனோ என்று கை தயங்குகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அப்பாவின் டப்பாக்கள். விவரம் தெரிந்த சேகரிப்பாளர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். உறையோடு இருப்பவற்றைப் பிரிக்கவே வேண்டாம், முத்திரையும் முகவரியுமாக அந்த உறைக்கே தனி மதிப்பு இருக்கலாம். அப்புறம் மிஞ்சுவதில் பெரும்பகுதி அன்றாடக் கடிதங்களுக்கென்று ஏராளமாக அச்சிட்டவையாகத்தான் இருக்கும். தைரியமாகக் கை வையுங்கள்.

கப்பல் படங்களாகப் பொறுக்கினீர்களே, பிசகு அங்கேதான். படத் தபால்தலை ஒவ்வொன்றும் தனி ஓவியம். அதற்குள்ளேயே வானம், கடல், எழுத்து, ஐந்தாறு நிறம். நூறு கப்பல்களை நெருக்கி வைத்தால் தூரத்தில் எல்லாம் குழம்பிச் சாம்பலாகிவிடும். உங்களுக்கு வேண்டியவை ஒரே நிறத்தில் அச்சான சாதாரணத் தபால்தலைகள். பிரிட்டனில் 1967இல் தொடங்கிய வரிசையைப் பாருங்கள். சிற்பி ஆர்னால்ட் மேச்சின் வடித்த எலிசபெத் ராணியின் தலை எல்லாவற்றிலும் ஒன்றேதான், மதிப்புக்கு மதிப்பு நிறம்தான் மாறும். ஒரே முகம் திரும்பத் திரும்ப வரும்போது கண் முகத்தை விட்டுவிட்டு நிறத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நிறத்தைவிடவும் அடர்த்தி முக்கியம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கருமையிலிருந்து வெளிர்வரை ஐந்து குவியலாகப் பிரியுங்கள். சந்தேகம் வந்தால் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கருமை கப்பலின் உடலுக்கு, வெளிர் பாய்க்கு.

பாய்தான் கஷ்டம். என் முதல் கப்பலில் நேர் வரிசையாக அடுக்கினேன், பலகை அடித்த மாதிரி விறைத்து நின்றது. மறுபடி செய்தபோது ஓடு வேய்வதுபோல ஒன்றின் விளிம்பின்மேல் ஒன்றை ஏற்றி, ஒவ்வொரு வரிசையையும் சற்றே வளைத்தேன். புடைத்த நடுப்பகுதிக்கு மிக வெளிர், ஓரங்களுக்கு ஒரு படி அடர்த்தி. பாயில் காற்று ஏறியது. அன்று எழுந்து போகவே மனமில்லை.

இப்படி ஏற்றி ஒட்டும்போது கத்தரிக்கு அதிகம் வேலையில்லை. கப்பலின் வெளிக்கோட்டில் மட்டும் வெட்டுங்கள். துளையிட்ட பல் ஓரம் இருந்தால்தான் அது தபால்தலை. நீர்மட்டத்தில் அந்தப் பற்களை அப்படியே விட்டால் நுரை. இயந்திர முத்திரையின் அலைக்கோடு விழுந்தவற்றை எறியாதீர்கள், கடலுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. தாளின் வெள்ளை விளிம்பை மெல்லிய கீற்றாக நறுக்கினால் கயிறு.

உறைத்துண்டிலிருந்து எடுக்க வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள், தானாகக் கழன்று வரும்வரை இழுக்காதீர்கள். நிற உறைகள் சாயம் விடும், அவற்றைத் தனியாக ஊறப்போடுங்கள். பழைய பிரிட்டிஷ் தபால்தலைகளில் 1883–84இன் ஊதா, பச்சை வரிசையைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒருமுறை ஒட்டியதைக் கழுவி மறுபடி பயன்படுத்தாமலிருக்க, வேண்டுமென்றே கரையும் மையில் அச்சிட்டார்கள். தானே ஒட்டும் இக்காலத் தபால்தலைகள் பல நீரில் பிரிவதில்லை. பின்தாளோடு நறுக்கி அப்படியே ஒட்டலாம்.

எந்தப் பசை என்று நீங்கள் எழுதவில்லை. மாவுப் பசை என்றால் ஈரம் காட்டி மெல்லப் பிரித்துவிடலாம், உங்கள் கப்பல் படங்கள் திரும்பக் கிடைக்கும். அடுத்த கப்பலில் அவற்றுள் ஒன்றை, மிகச் சிறியதை, பின்பக்கச் சன்னல் இருக்கும் இடத்தில் ஒட்டுங்கள். கிட்டே வந்து குனிபவர் கண்ணில் மட்டும் படட்டும்.