பொறி நிறைய ஈ, பழம் நிறையப் புழு

கேள்வி: மாந்தோப்பில் மெத்தில் யூஜினால் (பழ ஈயை இழுக்கும் மணப்பொருள்) பொறி வைத்திருக்கிறோம். பிஞ்சுப் பருவத்தில் பழ ஈ அதிகம் விழவில்லை. பழுக்கத் தொடங்கியதும் கொத்துக் கொத்தாக விழுகிறது. பழத்தில் புழுவும் குறையவில்லை. பொறி பயனற்றதா?

பதில்: பயன் உண்டு. ஆனால் அதில் விழுபவை ஆண் ஈக்கள். பழத்தைக் குத்தி முட்டையிடுவது பெண். ஓர் ஆண் பல பெண்களோடு இணையும். ஆகவே பாதி ஆண்கள் செத்தாலும் முட்டை பாதியாகக் குறையாது. ஏறக்குறைய எல்லா ஆண்களும் ஒழிய வேண்டும். அப்போதும், பக்கத்துத் தோப்பிலிருந்து இணைந்த பெண் பறந்து வந்தால் தப்ப முடியாது. சிறு தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒரே சமயத்தில் பொறி வைத்தால்தான் பலன் தெரியும்.

ஈக்களின் பெருக்கத்தைத் தீர்மானிப்பது பழம். வெயில் மிதமாக இருந்தால் முட்டை ஓரிரு நாளில் பொரியும். புழு ஒரு வாரம், பத்து நாள் பழத்துக்குள் தின்றுவிட்டு, மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். மேலும் பத்து நாளில் ஈ வெளிவரும். அது முட்டையிட இன்னும் ஓரிரு வாரம் ஆகும். சுமார் ஒரு மாதத்துக்கு ஒரு தலைமுறை! முதலில் பழுத்த மரத்தடியில் உதிர்ந்தவற்றை அப்படியே விட்டால், அவற்றில் வளர்ந்த ஈக்கள் பின்பருவ ரகங்களில் வந்து இறங்கும். அந்த ரகங்கள் கடுமையாக அடிபட இதுவே முக்கியக் காரணம். மா முடிந்ததும் கொய்யா போன்றவற்றில் கூட்டம் காலம் தள்ளும்.

எனவே பொறியைவிட உதிர்ந்த பழத்தைப் பொறுக்குவதுதான் முதல் வேலை. வாரம் இரண்டு முறையாவது, புழு மண்ணுக்குள் இறங்குமுன் பொறுக்குங்கள். கெட்டியான பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் ஒரு வாரத்துக்கு மேல் வையுங்கள். அல்லது இரண்டடிக்கும் ஆழமாகப் புதையுங்கள். திறந்த எருக்குழியில் கொட்டாதீர்கள்: முதிர்ந்த புழு துள்ளி வெளியேறி மண்ணுக்குப் போய்விடும். பெண் ஈக்கு, அது தேடி உண்ணும் புரதக் கரைசலுடன் பரிந்துரைக்கப்பட்ட மருந்தைக் கலந்து இலையில் திட்டுத் திட்டாகத் தெளிக்கலாம், பழத்தில் படவேண்டியதில்லை.

கேள்வி: மழைக்குப் பின் பொறியில் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. ஈ ஒழிந்ததா?

பதில்: அவசரப்பட வேண்டாம். பெருமழையில் ஈ பறக்காது. பொறிக்குள் இருக்கும், மெத்தில் யூஜினால் ஊறிய கவர்ச்சிக் கட்டையும் நனைந்து வலுவிழந்திருக்கலாம். கட்டையை மாற்றி, அடுத்த வாரமும் எண்ணுங்கள். விழுந்த ஈக்களைப் பொறிகளின் எண்ணிக்கையாலும் நாட்களாலும் வகுத்துக் குறித்துவைத்தால் வாரங்களை ஒப்பிடலாம்: 10 பொறிகளில் 7 நாளில் 1400 ஈ என்றால், ஒரு பொறிக்கு நாளொன்றுக்கு 20. தண்ணீர் தேங்கிய மண்ணில் கூட்டுப்புழு சாகும்; வெறும் ஈரம் அதற்குச் சாதகம்தான்.