நாளைக்கு என்ன என்று தெரியாத காலத்தில் தினசரி ஒழுங்கு உண்மையிலேயே கைகொடுக்குமா? உங்கள் அனுபவம் என்ன?

கைகொடுக்கும். ஆனால் அதை எதில் கட்டி வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மணிக்கூட்டில் கட்டினால் அறுந்துவிடும். இதை 2022இல், இலங்கையின் பொருளாதார நெருக்கடி நேரம், யாழ்ப்பாணத்தில் என் மகன் தோற்றதையும் அம்மா தோற்காததையும் பார்த்துத்தான் படித்தேன்.

நான் தையல்காரி. வீட்டு விறாந்தையில் இரண்டு மிசின். ஒன்று மோட்டர் பூட்டியது, மற்றது அம்மாவின் பழைய சிங்கர் கால் மிசின். அந்த வருடம் கரண்ட் கட் தொடங்கியபோது மகன், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஊர்களை A, B என்று எழுத்து வைத்துப் பிரித்து, எந்தப் பிரிவுக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று அட்டவணை வரும். அவன் அதை வைத்து மூன்று நிறப் பேனையால் தனக்கொரு அட்டவணை கீறிச் சுவரில் ஒட்டினான். ஆறு மணிக்குக் கணிதம், எட்டேகாலுக்கு விஞ்ஞானம். நானும் அதைப் பார்த்து என் வேலையைப் பிரித்துக்கொண்டேன்: கரண்ட் இருந்தால் தையல், இல்லாவிட்டால் துணி வெட்டு. தாயும் மகனும் பெரிய கெட்டிக்காரர் என்ற நினைப்பு.

ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. கட் ஏழரை மணி நேரம், பத்து மணி நேரம் என்று ஏறி, மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரத்துக்கு வந்தது. அங்கே அட்டவணை மாறும்போதெல்லாம் இங்கே சுவரில் புதுத் தாள். நாலாவது தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டான். அன்றைக்கு எனக்குக் கோபம். பிறகு யோசித்தபோதுதான் தெரிந்தது, பிழை அவனில் இல்லை. ஆறு மணிப் பாடம் தவறினால் எட்டேகால் பாடத்தைத் தொடங்க மனம் வராது. ஒரு மணி பிசகினால் முழு நாளும் தோல்வி. அப்படியொரு ஒழுங்கை, தினமும் பிசகுகிற நாட்டில் வைத்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. அவரிடம் அட்டவணை எதுவும் இல்லை. விடியப்புறம் எழும்பி முற்றம் கூட்டுவார். கூட்டி முடிந்தால் அடுப்பு மூட்டி வெறும் தேத்தண்ணி. தேத்தண்ணி குடித்தால் கிணற்றடி. மோட்டர் ஓடாது, வாளியால் அள்ளித்தான் தொட்டி நிரப்ப வேண்டும். பின்னேரம் லாம்புச் சிமினி துடைத்த பிறகு சாமிக்கு விளக்கு. இதெல்லாம் எத்தனை மணிக்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மண்ணெண்ணெய்க்குப் போய் மத்தியானம் திரும்பினால் முற்றம் மத்தியானம் கூட்டப்படும், அவ்வளவுதான். எதுவும் தவறவில்லை, பிந்தியது மட்டுமே. ஒரு வேலையின் வால் அடுத்த வேலையின் தலையில் முடிச்சுப் போட்டிருந்தது.

இது அவருக்கு 90களில் வந்த பழக்கம். 1990இல் போரோடு போன கரண்ட் எங்கள் பக்கம் வருடக்கணக்காக வரவில்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாமே அருமையான சாமான்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, நூல் திரி கொளுத்தித்தான் நான் படித்தேன். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அண்ணா பெடலைச் சுற்றுவார், டைனமோவில் ரேடியோ பாடும். செய்தி முடிய அவருக்குத் தோள் வலிக்கும். ஒருவருக்கும் இன்னொரு தரம் செய்தி கேட்கும் ஆசை வராது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2022இல் என்னை ஆட்டியது இருட்டு இல்லை, போன். கரண்ட் வந்தவுடன் முதல் வேலை போனைச் சார்ஜில் போட்டு, டொலர் என்ன விலை, எந்தப் பெற்றோல் செட்டுக்கு எண்ணெய் லொறி வருகிறதாம், கொழும்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. தோளும் வலிக்காது, முடிவும் இல்லை. அம்மா ஒருநாள் சொன்னார்: “பிள்ளை, உன்ர மாமாவும் அப்பாவும் ஒருக்காத்தான் செய்தி கேட்டவை. அதுக்காக உலகம் நிண்டே போனது?” அதிலிருந்து செய்தி ஒரு நாளைக்கு ஒரு தரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மகன் சத்தமாக வாசிக்க எல்லாரும் கேட்பது என்று வைத்தோம். நான் இரண்டு மூன்று நாள் கள்ளமாகப் பார்த்ததையும் ஒத்துக்கொள்கிறேன்.

மகன் பிறகு அட்டவணை கீறவில்லை. “தொட்டி நிரப்பினாப் பிறகு கணக்கு, விளக்கு வைச்சாப் பிறகு வரலாறு” என்று மாற்றிக்கொண்டான். மே கடைசியில் தொடங்கிய பரீட்சையை எழுதி முடித்தான். நான் கால் மிசினுக்கு எண்ணெய் விட்டு அதற்கு மாறினேன். கொக்கி தைப்பது, ஓரம் மடிப்பது போன்ற கை வேலைகளை ஒரு துணிப் பைக்குள் போட்டு மண்ணெண்ணெய் வரிசைக்குக் கொண்டுபோனேன். அங்கே கான்களைக் கயிற்றில் கோத்து வரிசையில் விட்டுவிட்டுச் சனம் வேப்பமர நிழலில் இருக்கும். ஒருநாள் அந்த மரத்தடியில் ஒன்பது சட்டைக்குக் கொக்கி தைத்தேன். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. சட்டைக் காசு கிடைத்தது.

எல்லாம் சரியாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஜூன் கடைசியில் தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் கொடுப்பதையே கிட்டத்தட்ட இரண்டு கிழமைக்கு நிறுத்தினார்கள். அதற்கு முந்திய இரண்டு நாளும் நான் ஸ்கூட்டியோடு வரிசையில் நின்று வெறும் டாங்கியோடு தள்ளிக்கொண்டு வந்தவள். வந்து படுத்தேன். மூன்று நாள் மிசின் பக்கம் போகவில்லை, தலை வாரவில்லை. அம்மா எழும்பு என்று சொல்லவில்லை, புத்தியும் சொல்லவில்லை. நாலாம் நாள் ஊசியும் நூலுமாகக் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். “கண் தெரியேல்லை. கோத்துத் தா.” கோத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தார், இந்தத் தரம் கறுப்பு நூல். மூன்றாம் தரம் நானே எழும்பி விறாந்தைக்குப் போய்விட்டேன். அவருக்குக் கண் உண்மையிலேயே தெரியவில்லையா என்று இன்றைக்கு வரைக்கும் நான் கேட்டதில்லை.

ஆகவே என்னிடம் கேட்டால், அதிகாலை ஐந்து மணி, பத்துப் பழக்கம் என்று இணையத்தில் வருகிறவற்றை இப்படியான காலத்தில் தொட வேண்டாம் என்பேன். அவை நாடு ஒழுங்காக ஓடும்போது செய்து பார்க்க நல்லவை. மூன்று நாலு வேலை போதும். கரண்ட், காசு, பெற்றோல் எதுவும் இல்லாவிட்டாலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். கை அசைய வேண்டும். அதில் ஒன்றாவது நீங்கள் செய்யாவிட்டால் வீட்டில் இன்னொருவருக்குக் குறை விழுகிற வேலையாக இருந்தால் நல்லது. தனக்காகச் செய்யும் ஒழுங்கைத்தான் மனம் முதலில் கைவிடும்.

இது விலையைக் குறைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340க்குப் போனது. முற்றம் எவ்வளவு சுத்தமாக இருந்தும் அன்றைக்கு நாங்கள் மூவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அம்மா சிமினி துடைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பேப்பர்த் துண்டைச் சுருட்டி உள்ளே விட்டு, மற்றக் கையால் கண்ணாடியை மெல்ல உருட்டுவார். கரி போனபின் வாயால் ஊதி, சேலைத் தலைப்பால் ஒரு துடை, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு பார்வை. கட் எல்லாம் நின்ற பிறகும் விடவில்லை. லாம்பு கொளுத்தாத நாளில் துடைப்பதற்குக் கரியே இருக்காது, இருந்தும் துடைப்பார். “அம்மா, இப்ப கட் இல்லையே” என்பேன். “இல்லையெண்டு ஆர் சொன்னது?”

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின்நிலையத்துக்குள் பாய்ந்ததாம், முழு இலங்கைக்கும் கரண்ட் போனது. அன்றைக்குப் பகல். அடுத்த நாளிலிருந்து இரண்டு நாளைக்கு ஒன்றரை மணி நேரக் கட் என்றார்கள். திங்கள் இரவு விறாந்தை சட்டென்று இருண்டது. பக்கத்து வீடுகளில் போன் வெளிச்சங்கள் அலைந்தன. அம்மா எழும்பவில்லை, குரல் மட்டும் வந்தது: “பிள்ளை, லாம்பு மேசையில கிடக்கு. நெருப்புப் பெட்டி பக்கத்தில.”