வாசகர் கேள்வி - பதில்: தமிழ்நாடு நாள் எது?

கேள்வி: ஜூலை 18ஆம் நாளை அரசு 'தமிழ்நாடு நாள்' என்று கொண்டாடுகிறது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலோ நவம்பர் 1தான் பெரிய நாள். எது சரி?
- தக்கலை வாசகர்

பதில்: ஜூலை 18 நம் மாநிலத்தின் பெயருக்கு உரிய நாள். 1967இல் அந்த நாளில்தான், 'மெட்ராஸ் ஸ்டேட்' என்பதைத் 'தமிழ்நாடு' என மாற்றக் கோரும் தீர்மானம் முதலமைச்சர் அண்ணாவின் முயற்சியால் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. பேரவைத் தலைவர் இருக்கையில் சி.பா. ஆதித்தனார் அமர்ந்திருந்தார். அண்ணா 'தமிழ்நாடு' என்று மூன்று முறை முழங்க, ஒவ்வொரு முறையும் உறுப்பினர்கள் 'வாழ்க' என்று குரல் கொடுத்தார்கள். அந்தப் பெயருக்காக, அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, விருதுநகரில் உண்ணாநோன்பைத் தொடங்கி, 76 நாள்கள் பட்டினி கிடந்து, 1956 அக்டோபர் 13 அன்று உயிர்நீத்த தியாகி சங்கரலிங்கனாரை நினைக்காமல் இந்த நாளைக் கொண்டாடுவது முறையாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் நவம்பர் 1 மண்ணுக்கு உரிய நாள். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாக நம்மோடு இணைந்தன. இந்த இணைப்புக்காக மார்ஷல் நேசமணியின் தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களின் வீடுகளுக்கு நவம்பர் 1 எத்தகைய நாள் என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். தமிழர்கள் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்ட வருத்தமும் அதே நாளுக்கு உரியதுதான். 2019இல் அரசு முதலில் நவம்பர் 1ஐயே தமிழ்நாடு நாளாகக் கொண்டாடியது. 2021இல்தான் அது ஜூலை 18ஆக மாற்றி அறிவிக்கப்பட்டது. ஆகவே உங்கள் வழக்கத்தை விட்டுவிட வேண்டியதில்லை.

கேள்வி: 1967இலேயே தீர்மானம் நிறைவேறியும் பெயர் உடனே மாறவில்லையே, ஏன்?
- மதுரை வாசகர்

பதில்: மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் அரசியலமைப்பின் 3ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கே உண்டு. 1963இல் வங்கத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தாவின் பெயர்மாற்ற மசோதாவை ஆதரித்து மாநிலங்களவையில் அண்ணா வாதாடியும் அது தோற்றது. சட்டமன்றத் தீர்மானத்துக்குப் பிறகு, 1968இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3இல் அண்ணா மறைந்தார். தாம் பெற்றுத் தந்த பெயரோடு அவர் வாழ்ந்தது மூன்று வாரங்கள்கூட இல்லை.