சோயாப் புரதமும் காலி வீதி வெயிலும்

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையில் இருந்து கொள்ளுப்பிட்டிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். முகம் நன்றாகக் கறுத்துவிட்டது. தெரிந்த ஒருவர், “தாவரப் புரதம் போட்டது, கெமிக்கல் இல்லை, வெயிலைத் தடுக்கும்” என்று ஒரு கிறீம் தந்தார். லேபலில் சோயா, கோதுமைப் புரதங்கள் என்று இருக்கிறது. எஸ்பிஎஃப் இலக்கம் இல்லை. சன்ஸ்கிறீனுக்குப் பதிலாக இதைப் பூசலாமா?

சு., வெள்ளவத்தை

அன்புள்ள சு.,

சன்ஸ்கிறீனை விட்டுவிடாதீர்கள்.

புரதம் புறஊதாக் கதிரை உறிஞ்சும், அது உண்மைதான். ஆனால் அது நன்றாக உறிஞ்சுவது 280 நானோமீற்றர் அலைநீளத்தை ஒட்டிய கதிரை. அதை ஓசோனே மேலே மறித்துவிடுகிறது. நம் தலையில் விழுவது ஏறத்தாழ 295க்கு மேல். அங்கே புரதத்தின் பிடி விட்டுப்போகிறது. தோலைக் கறுக்க வைப்பதில் பெரும் பங்குள்ள யூவிஏ என்ற நீண்ட அலைநீளப் புறஊதாக் கதிரை அது கண்டுகொள்வதே இல்லை. கோதுமைப் புரதம் தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான்.

சோயா கொஞ்சம் சுவாரசியமானது. அதன் விதையில் டிரிப்சின் என்ற, புரதத்தை வெட்டும் நொதியைத் தடுக்கும் புரதங்கள் உண்டு. நிறமி, அதை உண்டாக்கும் கலத்தில் இருந்து பக்கத்துக் கலங்களுக்குக் கைமாறுவதை இவை குறைக்கின்றன என்று 2001இலேயே ஆய்வில் காட்டினார்கள். ஆனால் சூடு பட்டால் இந்தக் குணம் போய்விடும். (இரவுச் சாப்பாட்டுச் சோயாமீட்டுக்கும் முக நிறத்துக்கும் சம்பந்தமில்லை.) லேபலில் ‘ஹைட்ரோலைஸ்ட்’ என்று இருந்தால், புரதத்தை ஏற்கனவே துண்டு துண்டாக வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்காகப் பச்சைச் சோயாவை அரைத்துப் பூசிப் பார்க்க வேண்டாம், ஒவ்வாமை வரலாம்.

செடிகள் வெயிலை எப்படிச் சமாளிக்கின்றன என்று கேட்பீர்கள். கதிரைத் தடுப்பது பெரும்பாலும் ஃபிளேவனொயிட் போன்ற பொருட்கள், அவை புரதமல்ல. ஃபோட்டோலயேஸ் என்ற புரதம் ஒன்று உண்டு. கதிர் கெடுத்த டிஎன்ஏயை வெளிச்சத்தின் உதவியோடு திருத்தும். மனிதருக்கு அது இல்லை. நீலப்பச்சைப் பாசியில் இருந்து எடுத்து மனிதத் தோலில் பூசியபோது, அந்தச் சேதத்தில் 40 முதல் 45 வீதம் குறைந்ததாக 2000இல் ஓர் ஆய்வு வந்தது. எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். ஆனாலும் அது சேதத்துக்குப் பிறகு வருகிற திருத்த வேலை.

கொழும்பில் நண்பகல் யூவி சுட்டெண் (புறஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் எண்) 11ஐத் தாண்டுவது சாதாரணம். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, யூவிஏ தடுப்பும் உள்ள சன்ஸ்கிறீனை இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். பலர் கடுகளவு தொட்டுக்கொண்டு “வேலை செய்யவில்லை” என்கிறார்கள். உங்கள் கிறீமை இரவில் பூசி முடியுங்கள்.

அப்புறம், பஸ்ஸில் இடப்பக்கம் இருங்கள். காலையில் வடக்கே போனாலும் மாலையில் தெற்கே திரும்பினாலும் வெயில் வலப்பக்கம்தான். ஜன்னல் கண்ணாடி யூவிஏயை முழுக்க நிறுத்தாது.