கொல்லையில ஓடற மீட்டர் கேஜ்

வணக்கம் சார்,

குரோம்பேட்டையில தனி வீடு. பின்னாடி கிணறு, ரெண்டு தென்னை, ஒரு முருங்கை, மிச்ச இடத்துல மூணு வருஷமா ஒரு குட்டி ரயில் போட்டுட்டு இருக்கேன். பித்தளை தண்டவாளம், ரெண்டுக்கும் நடுவுல 45 மில்லிமீட்டர், எஞ்சின் ஜெர்மனியில இருக்கற தம்பி கொண்டு வந்தது. அப்பா பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ்ல (ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு மீட்டர்) எலக்ட்ரிக் வண்டி ஓட்டின மோட்டார்மேன், அதனால ஸ்டேஷன் எல்லாம் அந்த லைன்தான் (போட்டோ அனுப்பியிருக்கேன்). பக்கத்து அபார்ட்மென்ட் பசங்க தினமும் பால்கனியில தொங்கிட்டு பாக்கறாங்க. கொலுவுக்கு எல்லாரையும் கூப்பிட்டுடுங்கன்னு வீட்ல சொல்றாங்க. எனக்குத்தான் பயம். பாதிதான் முடிஞ்சிருக்கு, எதையாவது உடைச்சிட்டா? டிக்கெட் வைக்கலாமா? எப்ப திறக்கலாம்?

– க.

அன்புள்ள க,

போட்டோவை ரெண்டு நாளா பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்துட்டு இருக்கேன். தெரிஞ்சு பண்ணீங்களோ தெரியாம பண்ணீங்களோ, உங்களோடது அசல் மீட்டர் கேஜ். 1968ல எல்ஜிபிங்கற பேர்ல ஜெர்மனியில இந்த தோட்டத்து ரயிலை கொண்டு வந்தப்போ 1:22.5ன்னு, அதாவது நிஜ ரயிலை 22.5 மடங்கு சின்னதாக்கி அளவு வச்சாங்க, ஒரு மீட்டரை அதால வகுத்துப் பாருங்க, 44 சொச்சம் வரும், அதான் உங்க 45. 1931லேர்ந்து 2004 வரைக்கும் ஓடின அப்பாவோட எலக்ட்ரிக் வண்டி லைன் முருங்கை மரத்தடியில கிடக்கு, நீங்க கேட்டை பூட்டிட்டு உக்காந்திருக்கீங்க.

கொலுவுக்கு மட்டும் வேண்டாம். அந்த நேரத்துல எப்ப மழை கொட்டும்னு சொல்ல முடியாது, ஒரு நல்ல மழை போதும் தண்டவாளத்துக்கு அடியில போட்ட சிப்ஸ் ஜல்லி மொத்தமா அரிச்சுட்டு ஓடிடும். ஐப்பசி கார்த்திகையை விட்டுடுங்க. பொங்கல் முடிஞ்சு வர ஞாயித்துக்கிழமை, நாலு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும், அவ்ளோதான், ஆறுக்கு மேல உங்க ஏரியா கொசு பாத்துக்கும். மத்தியானமும் கூடாது, பித்தளை வெயில்ல நீளும், பத்து மீட்டர் தண்டவாளம் முப்பது டிகிரி சூடு ஏறினா ஆறு மில்லிமீட்டர் கிட்ட நீண்டுடும், ஜாயின்ட்ல கேப் விடாம ஆணி அடிச்சு இறுக்கி வச்சிருந்தீங்கன்னா அது எங்க போகும், வளைஞ்சுக்கும், வண்டி கவுந்துடும். ஜல்லி மேல சும்மா படுத்திருக்கட்டும்.

பாதிதான் முடிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க. நானும் மொட்டை மாடியில ஒரு பாலம் முடியட்டும் முடியட்டும்னு நாலு வருஷம் யாரையும் விடலை. அப்புறம் ஒரு நாள் கூப்பிட்டேன், அந்த பாலத்தை ஒருத்தர் கூட பாக்கலை சார்! வண்டி ஓடுதா, நிக்காம ஓடுதா, அதான் பாத்தாங்க. அன்னிக்கு நான் பண்ண இன்னொரு தப்பு, இருக்கறதுலயே விலை கூடின எஞ்சினை எடுத்து ஓட்டினது. பசங்க கையைக் கட்டிட்டு சமத்தா நின்னாங்க, ஒரு மாமா வந்து "இது எந்த கம்பெனி"ன்னு ஓடற வண்டியை அப்படியே தூக்கி திருப்பி அடியில பாத்தார். எஞ்சின்ல ஒரு குட்டி படிக்கட்டு உடைஞ்சது. அதனால தம்பி கொடுத்த எஞ்சினை அலமாரியில வச்சு காட்டுங்க, ஓட்டறதுக்கு மலிவா ஒண்ணு, சும்மா வட்டமா, மெதுவா. பாயிண்ட் மாத்தி ஷன்ட்டிங் பண்ணி காட்டற வித்தையெல்லாம் நமக்குள்ள இருக்கட்டும்.

பசங்களுக்கு ஏதாவது வேலை கொடுத்துடணும். ஒருத்தன் கையில பச்சைக் கொடி, ஒருத்தி கையில விசில், அவங்கதான் கார்டு, அவங்க ஊதினாதான் வண்டி கிளம்பும். கூட்ஸ் வேகன்ல ஆரஞ்சு மிட்டாய் ஏத்தி அனுப்புங்க, ஸ்டேஷன்ல நிக்கறவங்க இறக்கிக்கட்டும். நான் முதல்ல சுண்டல்தான் ஏத்தினேன், தாளிச்ச எண்ணெய் தண்டவாளத்துல சொட்டி சக்கரம் வழுக்கி, அன்னிக்கு பூரா துடைச்சதுதான் மிச்சம். துடைக்கறதுன்னதும் ஞாபகம் வருது, பாத்திரம் தேய்க்கற கம்பி நாரை அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க, தூள் தூளா உதிர்ந்து மோட்டார்ல இருக்கற காந்தம் இழுத்துக்கும். பச்சை ஸ்க்ரப்பர் போதும். ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை, முருங்கைப் பூ கொட்டியிருக்கும், அதுக்காக இன்னொரு தடவை.

கிணத்துக்கு கம்பி வலை போட்டு மூடுங்க, இது முதல் வேலை. ரெண்டாவது, தேங்காய் பறிக்கற ஆளை ஒரு வாரம் முன்னாடியே வரச் சொல்லி முத்தின காய் மட்டை எல்லாத்தையும் இறக்கிடுங்க. முருங்கையில கம்பளிப்பூச்சி இருந்தா தள்ளிப் போட்டுடுங்க, அரிப்போட வீட்டுக்குப் போற பசங்களோட அம்மா அடுத்த தடவை அனுப்ப மாட்டாங்க. தண்டவாளத்துல ஓடற கரண்ட் கம்மி வோல்ட்தான், பயம் இல்லை, ஆனா அந்த அடாப்டர் வீட்டுக்குள்ள இருக்கட்டும், பிளக் பாயிண்டுக்கு ஈஎல்சிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சு பாத்துடுங்க. புல்லுல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

டிக்கெட் எனக்குப் பிடிக்கலை. இங்கிலாந்துல 1927லயே தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிட்டு வீட்டுத் தோட்டங்களை திறந்துவிட்டாங்க, ஆனா அந்தக் காசு வீடு வீடா போய் நோயாளிகளைப் பாத்துக்கற நர்ஸுங்களுக்குப் போச்சு, தோட்டக்காரர் பாக்கெட்டுக்கு இல்லை. நம்ம ஊர்ல கொலு பாக்க காசா வாங்கறோம், வெத்தலை பாக்கு கொடுத்துதானே அனுப்பறோம். கூப்பிடறதும் அதே மாதிரி, நேர்ல போய், முதல் வருஷம் உங்க தெருவும் அந்த பால்கனி பசங்களும் மட்டும். வாட்ஸ்அப் குரூப்ல லொகேஷன் போட்டீங்கன்னா தெரு பூரா பைக் நிக்கும், அப்புறம் எதிர்வீட்டுக்காரர் ஜென்மத்துக்கும் பேச மாட்டார்.

நானும் வரேன், கூப்பிடலைன்னாலும் வரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு, மூணாவது போட்டோவுல ஸ்டேஷன் போர்டுல பலவந்தாங்கல்னு இருக்கு, ழ போட்டுடுங்க, அந்த மாமா கண்ணுல பட்டா போர்டையும் தூக்கிப் பாப்பார்.