ஷீட்டை மேலே வைத்தும் படம் தெரியவில்லையே?

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்காக, இரண்டு ஓஎச்பி ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மறைந்த எழுத்து தெரியும்படி அச்சிட்டோம். சாம்பல் புள்ளிகள்தான் தெரிகின்றன. எங்கே பிழை?

பதில்: அநேகமாக அச்சில்தான். 1994-இல் கணினி அறிவியலாளர்கள் மோனி நவோர், ஆதி ஷமீர் இருவரும் முன்வைத்த இந்த முறையில் கணக்கு எளிது. படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஷீட்டில் நான்கு சதுரங்கள். இரண்டு கறுப்பு, இரண்டு தெளிவு. அப்படி அமைக்க ஆறு வழிகள் உண்டு. பிக்சலுக்குப் பிக்சல் புதிதாகக் குலுக்கி, ஆறில் ஒன்றை முதல் ஷீட்டில் போடுங்கள். அந்தப் பிக்சல் வெள்ளையானால் இரண்டாவது ஷீட்டிலும் அதே வடிவம். கறுப்பானால் நேர் எதிர் வடிவம். சேர்த்து வைத்தால் கறுப்பு முழுக் கறுப்பாகும், வெள்ளை பாதிச் சாம்பலாகும்.

100×100 பிக்சல் படம் போதும். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) பிரிண்டரில் ஒரு சதுரத்தின் பக்கத்துக்கு 20 புள்ளி கொடுத்தால் சுமார் 0.85 மி.மீ. வரும், மொத்தப் படம் 17 செ.மீ., ஏ4-இல் அடங்கும். இதைவிடப் பொடியாக்கினால் கையால் பொருத்துவது பெரும்பாடு. ஒரு சதுரம் விலகினாலே எழுத்து கலைந்துவிடும்.

பிஎன்ஜி-யாகச் சேமியுங்கள், ஜேபெக் சதுரங்களின் ஓரத்தை மங்கலாக்கிவிடும். அச்சிடும்போது 'ஃபிட் டு பேஜ்' வேண்டாம், 100% அளவு வையுங்கள். லேசர் பிரிண்டரின் சூட்டில் ஷீட்டின் அளவு லேசாக மாறலாம், அதனால் இரண்டையும் ஒரே பிரிண்டரில் ஒரே திசையில் விடுங்கள். லேசருக்கென்றே விற்கும் ஷீட்டாகப் பார்த்து வாங்குங்கள்; மற்றவை உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளலாம். நான்கு மூலையிலும் கூட்டல் குறி அச்சிட்டு, முதலில் ஒரு மூலையைப் பொருத்தி விரலால் அழுத்திக்கொண்டு மேல் ஷீட்டை மெல்லத் திருப்புங்கள். சாம்பலுக்குள்ளிருந்து எழுத்து சட்டென்று எழும்பும்.

முதல் ஷீட்தான் சாவி, இரண்டாவது ரகசிய ஷீட். ஒரே சாவி ஷீட்டை இரண்டு ரகசியங்களுக்குப் பயன்படுத்தவே கூடாது. அந்த இரண்டு ரகசிய ஷீட்டுகளையும் சேர்த்து வைத்தால், இரு படங்களும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்பது சாவியே இல்லாமல் தெரிந்துவிடும்.

கேள்வி: வந்த ஷீட்டை வழியில் யாரும் மாற்றவில்லை என்று எப்படி நம்புவது?

பதில்: வெறும் இந்த முறையை வைத்து நம்ப முடியாது. எந்த இடத்தில் என்ன எழுத்து என்று ஊகிக்க முடிந்தவர், அங்கே சதுரங்களை எதிர்மாறாக்கினால் போதும். வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும். சாவி தேவையே இல்லை. 1997-இல் நவோரும் பென்னி பிங்கஸும் இதற்கு வழி சொன்னார்கள். ஷீட்டை இரு பகுதியாக்கி, ஒன்றில் செய்தி, மற்றது முழுக் கறுப்பு. எது எது என்பது அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரியும். கறுப்புப் பகுதியில் கைவைத்தால் வெளிச்சப் பொட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: லேசரைக் கொண்டு படத்தை மறைக்க முடியுமாமே?

பதில்: முடியும். 1995-இல் ரெஃப்ரெஜியே, ஜாவிதி இருவரும் காட்டிய முறையில் இரண்டு லென்ஸும், ஒளியலையின் கட்டத்தை (அலை ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை) தாறுமாறாக்கும் இரண்டு தகடுகளும் வேண்டும். ஒரு தகடு படத்தோடு ஒட்டி, மற்றது லென்ஸ்களுக்கு நடுவே. 20 செ.மீ. குவியத்தூர லென்ஸ் என்றால் மொத்த நீளம் அதன் நான்கு மடங்கு, 80 செ.மீ. பலர் சறுக்குவது கேமராவில்: அது பிரகாசத்தை மட்டுமே பதியும், அலைக்கட்டம் போய்விடும், பிறகு படம் திரும்பாது. அதே லேசரிலிருந்து இன்னொரு கதிரைப் பிரித்துச் சேர்த்து ஹோலோகிராமாகப் பதிய வேண்டும். பாதுகாப்பில் ஷீட் முறைக்கு இது ஈடாகாது. இங்கே தகடுதான் சாவி; ஒரே தகட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், தெரிந்த சில படங்களையும் அவற்றின் மறைவடிவத்தையும் வைத்துச் சாவியைக் கணக்கிட்டுவிடலாம்.